கிளைடர் என்று பெயர் வைத்தால் போதுமா?

"வக்கீல் அம்மாவுக்கு வணக்கம்" என்று தொடங்கும் பதினோரு பக்கக் கடிதம் தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு 59 வயது. முப்பது ஆண்டுகளாகக் காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டுபவர். பெயரும் தெருவும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடிதத்தின் சாரம் இது. மூன்றாண்டுகளாகத் தன் வீட்டு மொட்டை மாடியில், ஒருவர் அமரக்கூடிய பறக்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டிவருகிறார். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 9 மீட்டர். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 330 கிலோ. விமானிக்குப் பின்னால் ஒரு பாராமோட்டார் என்ஜின் (பாராசூட் போன்ற இறக்கையோடு பறப்பவர்கள் முதுகில் கட்டும் சிறு என்ஜின்) பொருத்த இடம் விட்டிருக்கிறார். டெக்சாஸில் இருக்கும் மருமகன் அமெரிக்க விதிகளை அச்செடுத்து அனுப்பியிருக்கிறார். அவற்றில், என்ஜின் இருந்தாலும் கிளைடர் (என்ஜின் விசையின்றிக் காற்றில் மிதக்கும் ஊர்தி) என்று பதிவு செய்யலாம், கிளைடர் ஓட்ட மருத்துவச் சான்று வேண்டாம் என்று இருக்கிறதாம். வாசகருக்கு இரண்டாண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால், இந்த வரி அவருக்கு அமிர்தமாக இருந்திருக்கிறது. இன்னும் மூன்று எண்ணங்கள் அவரிடம் உறுதியாக இருக்கின்றன: கிளைடர் என்பது விமானம் அல்ல, ஆகவே பதிவு தேவையில்லை, ‘சோதனை முயற்சி’ என்று பக்கவாட்டில் எழுதிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், எண்ணூர்க் கடற்கரையில் பத்தடி உயரத்துக்கு மேல் போகாவிட்டால் சட்டமே பொருந்தாது. கேள்வி ஒன்றுதான்: "இதைக் கிளைடர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா?"

ஐயா,

முதலில் படங்களைப் பற்றி. நீங்கள் அனுப்பிய ஏழு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கையின் உள் விலா ஒவ்வொன்றையும் பழைய நாளிதழில் வரைந்து, வெட்டி, எண் போட்டு வைத்திருக்கிறீர்கள். நான்காவது படத்தில் அந்த இறக்கையின் மேல் வெள்ளைத் துணி விரித்து வடகம் காய்கிறது. உங்கள் மனைவி இந்தத் திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

நான் பொறியாளர் அல்ல. பாரிமுனையில் உட்கார்ந்து கப்பல், சுங்கம், விமானம் தொடர்பான வழக்குகளைப் பார்ப்பவள். எனவே இது பறக்குமா என்று சொல்ல மாட்டேன். பறந்தால் சட்டம் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்பதைச் சொல்ல முடியும். உங்களுக்குப் பிடிக்காத விடைதான்: உங்கள் மருமகன் அனுப்பியது பொய் அல்ல, ஆனால் அது வேறு நாட்டின் விதி. அடுத்த மாநிலப் பேருந்துப் பாஸை நம் மாநகரப் பேருந்தில் நீட்டினால் பாஸ் செல்லாததாகிவிடாது, பயணம் மட்டும் கிடைக்காது. அதே கதைதான்.

பட்டமும் வானூர்திதான்

கிளைடர் விமானம் அல்ல என்கிறீர்கள். பேச்சு வழக்கில் சரி. சட்டத்தில் ‘விமானம்’ என்ற சொல்லுக்கு மேலே ‘வானூர்தி’ என்ற பெரிய குடை இருக்கிறது. 1934-ஆம் ஆண்டு வானூர்திச் சட்டம் அதற்குத் தந்த வரையறையின் பொருள் இது: பூமியின் பரப்புக்கு எதிரான காற்றின் எதிர்வினையைத் தவிர, காற்றின் பிற எதிர்வினைகளால் வளிமண்டலத்தில் தாங்கிநிற்கக்கூடிய எந்த இயந்திரமும் வானூர்தி. அதோடு நிற்காமல், பலூன், ஆகாயக் கப்பல், பட்டம், கிளைடர், பறக்கும் பொறி ஆகியவையும் அதில் அடங்கும் என்று பெயர் சொல்லியே எழுதிவைத்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய வாயுயான் அதினியம், 2024 கடந்த 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வரையறையின் அடித்தளம் மாறவில்லை.

காசிமேட்டு மாடிகளில் பிள்ளைகள் விடும் பட்டமும் ஏட்டின்படி வானூர்தி என்பதைக் கேட்டு என் ஜூனியர்கள் சிரிப்பார்கள். மாஞ்சா நூலால் கழுத்தறுபட்ட வழக்குகளைப் பார்த்த வடசென்னைக்காரர்களுக்குச் சிரிப்பு வராது. காற்றில் ஏறும் எதையும் சட்டம் ஏன் ஒரே குடையின் கீழ் இழுக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

குடைக்குள் வந்தபின்தான் பிரிவுகள். 1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகள், மாற்றப்படும்வரை புதிய சட்டத்தின் கீழும் தொடர்கின்றன. அவற்றின்படி கிளைடர் என்பது காற்றைவிடக் கனமான, இயந்திர விசையால் செலுத்தப்படாத, அசையாமல் நிற்கும் பரப்புகளின்மேல் காற்று தரும் எதிர்வினையால் பெரும்பாலும் தூக்கு விசை பெறும் வானூர்தி. விசையால் செலுத்தப்பட்டால் அதன் பெயர் ஏரோப்ளேன். பன்னாட்டு சிவில் விமான அமைப்பின் வரையறையும் இதே பிளவைத்தான் வைத்திருக்கிறது. நீங்கள் என்ஜினைப் பொருத்திய நிமிடத்தில் ‘விசையால் செலுத்தப்படாத’ என்ற சொற்றொடர் உங்களைக் கைவிட்டுவிடும். அதன்பின் உங்கள் ஊர்தி மைக்ரோலைட் (மிக இலகுவான சிறு விமானம்) வகையா, வேறு வகையா என்பதைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, முடிவு செய்யும். நீங்களோ நானோ அல்ல.

என்ஜின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று மாறாது. பதிவு செய்யாத வானூர்தியைப் பறக்கவிடக் கூடாது, உரிமம் இல்லாதவர் ஓட்டக் கூடாது. இந்த இரண்டு விதிகளும் கிளைடருக்கு விலக்கு தரவில்லை.

‘முதன்மையாக’ என்ற ஒரு சொல்

மருமகன் அனுப்பிய தாளில் பச்சை மையால் கோடிட்ட வரிக்கு வருகிறேன். அமெரிக்க விதியின் முதல் பகுதி கிளைடரை வேறுவிதமாக வரையறுக்கிறது: காற்றைவிடக் கனமான வானூர்தி, இறக்கைப் பரப்புகளின்மேல் காற்றின் எதிர்வினையால் தாங்கப்படுவது, அதன் தடையற்ற பறத்தல் முதன்மையாக ஓர் என்ஜினைச் சார்ந்திராதது. அந்த ‘முதன்மையாக’ என்ற சொல்லுக்குள்தான் மோட்டார் கிளைடர் என்ற இனமே குடியிருக்கிறது. என்ஜினால் மேலே ஏறி, அதை அணைத்துவிட்டு, காற்றின் ஏற்றத்தில் மணிக்கணக்கில் மிதப்பவை அவை.

அங்கே வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கும் தனிப் பாதை இருக்கிறது. கட்டுமானத்தின் பெரும்பகுதியைச் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்தவர்கள், ‘சோதனை’ வகைப் பறக்கும் தகுதிச் சான்று கேட்கலாம். ‘ஐம்பத்தோரு சதவீத விதி’ என்று கட்டுபவர்கள் சொல்வது இதைத்தான். கவனியுங்கள், அது ஒரு சான்று. ஆய்வாளர் வந்து பார்த்து, எந்த வட்டாரத்துக்குள் எத்தனை மணி நேரம் சோதனை செய்ய வேண்டும் என்று நிபந்தனை எழுதிக் கொடுத்தபின்தான் பக்கவாட்டில் அந்தச் சொல் எழுதப்படுகிறது. பெயிண்டால் எழுதிக்கொள்ளும் விலக்கு உலகில் எங்கும் கிடையாது.

பதிவே வேண்டாத ‘அல்ட்ராலைட்’ என்ற வகை அங்கே உண்டு என்பதும் உண்மை. என்ஜின் இல்லாதது 155 பவுண்டுக்குக் கீழே, என்ஜின் உள்ளது 254 பவுண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். கிலோவில் சுமார் 70, 115. இவை வெற்று எடை. உங்கள் ஊர்தியின் வெற்று எடை 240 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். படகு கட்டிப் பழகிய கை. அலையை மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறீர்கள். டெக்சாஸுக்கே தூக்கிக்கொண்டு போனாலும் அந்த வாசல் உங்களுக்குத் திறக்காது.

மாடியின் நீளமும் ஒரு வகுத்தல் கணக்கும்

பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எல்லோரும் சிறு விமானத்தைக் கட்டி மோட்டார் கிளைடர் என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா? ஐரோப்பியர்கள் அதற்கு ஓர் எளிய அளவுகோல் வைத்தார்கள். அதிகபட்ச எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கையின் முழு நீளத்தை மீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை 3-ஐத் தாண்டக் கூடாது. மொத்த எடைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. இருவருக்கு மேல் அமரக் கூடாது. அமெரிக்காவிலும் தொழிற்சாலைத் தயாரிப்புகளுக்கு வகைச் சான்று தருவதற்கான வழிகாட்டலில் இதே கணக்கு இருக்கிறது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 9-ஐ 9-ஆல் பெருக்கினால் 81. 330-ஐ 81-ஆல் வகுத்தால் 4.07. எல்லைக்கு வெளியே. இதே எடைக்கு இறக்கை குறைந்தது 10.5 மீட்டர் இருந்தால்தான் விடை 3-க்குள் வரும். நல்ல மிதவைக் கிளைடர்களுக்கு 15 மீட்டர் என்பது சாதாரண அளவு. அப்போது விடை ஒன்றரைக்கும் குறைவு. கணக்கின் பொருளும் எளிது. நீண்டு ஒல்லியான இறக்கையில் குறைந்த எடை இருந்தால் அது மிதக்கும். குட்டையான இறக்கையில் அதிக எடை இருந்தால், என்ஜின் நின்றதும் அது இறங்க இடம் தேடும்.

ஏன் 9 மீட்டர் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஆறாம் பக்கத்தில் விடை கிடைத்தது: மாடி 32 அடி நீளம். சுவர் ஓரம் நடக்க வழி விட்டால் மிச்சம் 9 மீட்டர். காற்றியல் தீர்மானிக்க வேண்டியதை உங்கள் வீட்டு மேஸ்திரி தீர்மானித்துவிட்டார்! இறக்கையை இரண்டு பாதியாகக் கட்டி நடுவில் பூட்டுவதுதான் கிளைடர் உலகில் வழக்கம். வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதற்கும் அதுவே வசதி. அதை எப்படிப் பூட்டுவது என்று ஒரு விமானப் பொறியாளரிடம் கேளுங்கள். படகில் இரண்டு பாகத்தை ஒட்டும் முறையை இதில் முயல வேண்டாம்.

இந்த 3 என்ற எண் நம் நாட்டில் உங்களுக்கு உரிமை எதையும் தராது. ஆனாலும் சொன்னேன், காரணம், நீங்கள் நம்பியிருந்த வெளிநாட்டு வரையறைகளின் உணர்வுப்படி பார்த்தாலும் நீங்கள் கட்டியிருப்பது கிளைடர் அல்ல, என்ஜினை நம்பிப் பறக்கும் சிறு விமானம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. தவறான பெயரில் விண்ணப்பம் போட்டால்தான் சிக்கல். சில ஆண்டுகளுக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவர் என்ஜின் வைத்த பறக்கும் வண்டியை ‘விளையாட்டுப் பொருள்’ என்று குறிப்பிட்டுத் துறைமுகத்தில் இறக்கினார். பெட்டியைத் திறந்ததும் ப்ரொப்பெல்லர்தான் முதலில் கண்ணில் பட்டது. பெயரைத் திருத்தி, விளக்கக் கடிதம் கொடுத்து, அபராதம் கட்டி முடிப்பதற்குள் கிடங்கு வாடகை பொருளின் விலையை எட்டிப்பிடித்துவிட்டது.

ஸ்டென்ட் பற்றி நீங்கள் எழுதாத பாதி

அமெரிக்காவில் கிளைடர் ஓட்டுபவர் மருத்துவச் சான்று வைத்திருக்கத் தேவையில்லை. சரி. ஆனால் அதே விதித்தொகுப்பில் சில பக்கங்கள் தள்ளி இன்னொரு விதி இருக்கிறது: பாதுகாப்பாக ஓட்ட முடியாதபடி செய்யும் உடல்நிலை தனக்கு இருப்பதாக அறிந்தவர், அல்லது அப்படி நினைக்கக் காரணம் உள்ளவர், விமானியாகச் செயல்படக் கூடாது. சான்று கேட்காத வகைகளுக்கும் இது பொருந்தும். அங்கே அரசு மருத்துவரை நீக்கிவிட்டு அந்த நாற்காலியில் உங்கள் மனச்சாட்சியை உட்கார வைத்திருக்கிறார்கள். மருமகன் அந்தப் பக்கத்தை அச்செடுக்கவில்லை போலும்.

நம் நாட்டில் கிளைடர் உரிமத்துக்கும் உடல் தகுதி பார்க்கப்படுகிறது. என்ஜின் வைத்தால் கேட்கவே வேண்டாம். ஸ்டென்ட் வைத்ததாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. உங்கள் இதய மருத்துவரிடம் "மாடிப்படி ஏறலாமா" என்று கேட்காமல், "தனியாக ஓர் ஊர்தியை ஓட்டி, மயக்கம் வந்தால் கைகொடுக்க ஆள் இல்லாத இடத்தில் இருக்கலாமா" என்று கேளுங்கள். கேள்வி மாறினால் பதிலும் மாறும். பிறகு டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவப் பரிசோதகரிடம் அறிக்கைகளோடு போங்கள். மறைத்து உரிமம் வாங்குவது, உரிமம் இல்லாமல் பறப்பதைவிட மோசமான குற்றமாக முடியும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். உங்களிடம் இருக்கும் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, விபத்துப் பலனுக்கான விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். கட்டணம் செலுத்திய பயணியாக அல்லாமல் வேறு விதமாகப் பறக்கையில் நேரும் விபத்துக்கு விபத்துத் தொகை கிடையாது என்ற வரி பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும். உங்கள் மனைவியின் கோபத்தில் சட்டப்படி நியாயமான பகுதி இதுதான். வடகத்தை அகற்றுமாறு கேட்பதற்கு முன் இந்தத் தாளை அவரோடு உட்கார்ந்து படிப்பது நல்லது.

பத்தடி உயரத்தில் சட்டம் உண்டா?

உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. வரையறை ‘பூமியின் பரப்புக்கு எதிரான காற்றின் எதிர்வினை’யை விலக்குகிறது. தரையை ஒட்டிப் பறந்தால் இறக்கைக்கும் மணலுக்கும் நடுவில் காற்று மெத்தைபோல் அழுந்தி ஊர்தியைத் தாங்குகிறது. ஆகவே பத்தடிக்குள் இருக்கும்வரை அது வானூர்தி அல்ல, ஹோவர்கிராஃப்டின் தம்பி! ஜூனியராக வந்துவிடுங்கள் ஐயா, பார் கவுன்சில் கட்டணத்தை நானே கட்டுகிறேன்.

வாதம் தோற்கும் இடம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. சட்டம் ‘தாங்கிநிற்கும்’ இயந்திரம் என்று சொல்லவில்லை. ‘தாங்கிநிற்கக்கூடிய’ இயந்திரம் என்கிறது. இன்றைக்கு நீங்கள் எத்தனை அடியில் பறந்தீர்கள் என்பது கேள்வியே அல்ல. அந்த இறக்கைக்கு மேலே ஏறும் ஆற்றல் இருக்கிறதா என்பதே கேள்வி. ஹோவர்கிராஃப்ட் ஏற முடியாது, ஆகவே வெளியே. உங்களுடையது ஏறும், ஆகவே உள்ளே. எண்ணூரில் ஒரு கடல்காற்று வீச்சு போதும், பத்தடி நாற்பதடியாக.

அந்த இடத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். எண்ணூருக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் காமராஜர் துறைமுகம், இன்னொரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் உயரழுத்தக் கம்பிகளும், கொஞ்சம் உள்ளே மணலி சுத்திகரிப்பு ஆலை. வான்வெளி அனுமதி, மாநகரக் காவல்துறை, துறைமுகப் பாதுகாப்பு என்று வரிசையாகப் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. கிளைடருக்கும் அது உகந்த இடம் அல்ல: பகலில் கடல்காற்று புகுந்ததும் குளிர்ந்த காற்று தரையோரம் பரவி, மிதக்க வேண்டிய வெப்ப ஏற்றங்களை அடக்கிவிடும். சோழவரத்துப் பழைய ஓடுதளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போர்க்காலத்தில் போட்டது, பிறகு மோட்டார் பந்தயம் நடந்தது எல்லாம் சரி. ஓடுதளம் போல் இருக்கும் இடம் எல்லாம் பொது ஓடுதளம் ஆகிவிடாது. கார் வைத்துக் கயிற்றால் இழுத்து ஏற்றும் யோசனைக்கும் இதே பதில்.

தண்டனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்களுக்கோ சொத்துக்கோ ஆபத்து வரும்படி வேண்டுமென்றே வானூர்தியைப் பறக்கவிட்டால் இரண்டாண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம் என்று புதிய சட்டம் இடம் தருகிறது. கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாருக்காவது உயிரிழப்பு நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு சேரும். அலட்சியத்தால் மரணம், ஐந்தாண்டுவரை. கயிறு இழுத்த கார் ஓட்டுநரையும் வழக்கில் சேர்ப்பார்கள். உங்கள் தங்கை மகன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இனி என்ன செய்யலாம்

கட்டுவது குற்றம் அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன், காரணம் பக்கத்து வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்குப் போவேன் என்று மிரட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். மாடியில் ஓர் ஊர்தியின் பாகங்கள் இருப்பதற்காக உங்களைக் கைது செய்ய முடியாது. ரெசின் நாற்றம், அசிட்டோன் டப்பாக்கள், தீ அபாயம் பற்றிய புகார் என்றால் அதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தாவது படத்தில் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

உங்கள் முன் இரண்டு பாதைகள் தெரிகின்றன. என்ஜின் எண்ணத்தையே விட்டுவிட்டு, இறக்கையை நீட்டி, உண்மையான கிளைடராக மாற்றுவது ஒன்று. அப்போது நம் நாட்டு வரையறைக்குள் நேர்மையாகவே நுழைகிறீர்கள். இன்னொன்று, என்ஜினோடு சிறு விமானமாகவே ஒப்புக்கொண்டு, சொந்தமாகக் கட்டிய வானூர்தி என்று அனுமதி கேட்பது. இந்தப் பாதை எவ்வளவு நீளம் என்பதற்கு மும்பையில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கேப்டன் அமோல் யாதவ் காந்திவலியில் தன் குடியிருப்பின் மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016-இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அது நின்றது. பதிவு 2017-இல் கிடைத்தது, பறக்க அனுமதி 2019-இல். அவர் தொழில்முறை விமானி, மாநில முதல்வரே பின்னால் நின்றார். அப்படியும் இவ்வளவு காலம். உங்கள் வயதையும் இதயத்தையும் பார்த்து நான் முதல் பாதையைத்தான் சொல்வேன்.

எந்தப் பாதையானாலும், இனி ஒரு துண்டுக் கண்ணாடி இழைகூட ஒட்டாதீர்கள். மீனம்பாக்கத்தில் உள்ள டிஜிசிஏ தென்மண்டல அலுவலகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதுவோம்: இதுவரை கட்டியது இது, பொருத்தாத என்ஜின் இது, எந்த வகையில் விண்ணப்பிக்க வேண்டும், இதுவரை நடந்த வேலையை எப்படி ஆய்வு செய்வீர்கள். இறக்கையை மூடி ஒட்டியபின் உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது என்பதால், மூடுவதற்கு முன் ஆய்வு கேட்பது அவசியம். நாளிதழில் வரைந்த அந்த விலா எலும்புகளை எறிந்துவிடாதீர்கள். நாள் போட்ட படங்கள், ரெசின் வாங்கிய ரசீதுகள், எந்த நாளில் எந்த அடுக்கு என்ற குறிப்பேடு, இவைதான் நாளைக்கு உங்கள் சாட்சிகள்.

ரெசின் பற்றி அவர்கள் நிச்சயம் கேட்பார்கள். படகுக்கு நீங்கள் பயன்படுத்துவது பாலியெஸ்டர். கிளைடர் கட்டுபவர்கள் எபாக்ஸிக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. அடுத்த கேள்வி பளு. ஐரோப்பியத் தரம் சாதாரணக் கிளைடர் இறக்கையில் எடையைப்போல் 5.3 மடங்குப் பளுவை எதிர்பார்க்கிறது, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு. இறக்கையைக் கவிழ்த்துப் போட்டு மணல் மூட்டை அடுக்கிப் பார்க்கும் சோதனை அது. எத்தனை மூட்டை, எங்கெங்கே என்பதைக் குரோம்பேட்டை எம்ஐடியிலோ ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் துறையிலோ ஓர் ஆசிரியரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். அவர்கள் மாணவர்களுக்கு உங்கள் மாடி ஒரு நல்ல பாடம். உங்களுக்கும் அவர்கள் கையெழுத்து ஒரு நல்ல தாள்.

இதற்கு நடுவில், உண்மையான கிளைடர் ஒன்றில் பின்னிருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். புனே ஹடப்சரில் டிஜிசிஏவின் கிளைடிங் மையம் இருக்கிறது. பயிற்சி நடக்கும் நாட்களை விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். நம் நாட்டு சிவில் விமானத் துறையே ஒரு காலத்தில் கிளைடர்களை வடிவமைத்தது. அசுவினி, பரணி, ரோகிணி, கார்த்திக், மிருகசீரிடம், ஆர்த்ரா என்று நட்சத்திரப் பெயர்களாகவே வைத்தார்கள். ஆர்த்ரா என்றால் நம் திருவாதிரைதான். மாடியில் நிற்கும் ஊர்திக்கு உங்கள் மகளின் பெயரை வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் பிறந்தது என்ன நட்சத்திரம் என்று தெரியவில்லை.

பின்குறிப்பில் நிறம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படகைப்போல் கருநீலம் அடிக்கலாமா என்று. வேண்டாம். ஃபைபர் கிளைடர்கள் எல்லாம் வெள்ளையாக இருப்பது அழகுக்காக அல்ல. வெயிலில் சூடேறினால் ரெசின் வலுவிழக்கும். தண்டையார்பேட்டை மாடியில் சித்திரை மாதம் கருநீலப் பரப்பில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். வெள்ளை அடியுங்கள். மகளின் பெயரை மூக்கருகில் என்ன நிறத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் மட்டும் ‘வி.டி.’ என்று தொடங்கும் ஐந்து எழுத்துப் பதிவுக் குறிக்கு இடம் விட்டு வையுங்கள்.